தொடர்பு எழுதப்படவில்லை

அவள் என்ன வேலை பார்க்கிறாள் என்பதை அவளுடைய அம்மாவால் இன்றுவரை யாருக்கும் ஒழுங்காகச் சொல்ல முடிந்ததில்லை. தையல் ஆலையில் பக்கத்து மெஷின்காரி கேட்டால், "ஆஸ்பத்திரி வேலைதான். ஆனா ஆஸ்பத்திரிக்குப் போக மாட்டா" என்று சொல்லி, தானே குழம்பி, நூல் மாற்றுவதுபோலக் குனிந்துகொள்வாள். அண்ணன்தான் சுருக்கமாகச் சொன்னான்: "நோய்க்கு நம்பர் பிளேட் மாட்டுறா." அவன் டவுன் பஸ் டிரைவர். அவனுக்கு உலகத்தில் எல்லாமே வண்டிதான்.

யோசித்துப் பார்த்தால் அண்ணன் சொன்னதுதான் சரி. கடலுக்கு அப்பால் எங்கோ ஒருவர் ஆஸ்பத்திரியில் படுத்து, எழுந்து, வீட்டுக்குப் போன பிறகு, டாக்டர்களும் நர்சுகளும் அவரைப் பற்றி எழுதி வைத்ததெல்லாம் இவளுடைய திரைக்கு வந்து சேரும். இவள் அதைப் படித்து ஒவ்வொரு நோய்க்கும் அதற்கென்று இருக்கிற குறியீட்டைப் போட வேண்டும். அந்தக் குறியீட்டை வைத்துத்தான் ஆஸ்பத்திரியும் காப்பீட்டுக்காரர்களும் மல்லுக்கட்டுவார்கள். பெயரை மறைத்திருப்பார்கள். வயது இருக்கும், உடம்பு இருக்கும், ஆள் இருக்க மாட்டார்.

அவளுக்கு ஒதுக்கியது வயிறும் குடலும். விலங்கியல் படித்தவள், அந்தக் குடும்பத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள். தவளையை அறுத்துப் படித்த படிப்பு மனுஷக் குடலில் வந்து நின்றுவிட்டது என்று அண்ணன் கிண்டல் செய்வான். குரோன் நோய் என்று ஒன்று. வாயிலிருந்து ஆசனவாய் வரைக்கும் எந்த இடத்திலும் குடல் வெந்து புண்ணாகும். சில காலம் சும்மா கிடக்கும், பிறகு கிளம்பும். அதற்குக் கே ஐம்பது என்று தொடங்கும் குறியீடு. நடு இலக்கம் எந்தக் குடல் என்று சொல்லும். கடைசி இலக்கம் கூடவே என்ன கெட்டது என்று சொல்லும்: இரண்டு என்றால் அடைப்பு, மூன்று என்றால் குடல் புரையோடித் தனக்கென்று ஒரு கள்ளவழி திறந்துகொண்டது, நான்கு என்றால் சீழ்க்கட்டி. அந்தக் கள்ளவழிக்கு அலுவலகத்தில் ஃபிஸ்டுலா என்பார்கள். தமிழில் பவுத்திரம். சுவர் விளம்பரத்தில் மூலத்தோடு ஒட்டிக்கொண்டு நிற்குமே, அதே பவுத்திரம்தான்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் அவள் ஒரு தப்புச் செய்தாள். ஒரு ஃபைலின் முன்பகுதியில் ஒரு டாக்டர் குரோன் என்று எழுதியிருந்தார். பின்பகுதியில் வேறொரு டாக்டர் ஆசனவாய் ஓரத்தில் பவுத்திரம் என்று எழுதியிருந்தார். ஒன்றால்தானே இன்னொன்று வந்திருக்கும் என்று அவள் இரண்டையும் முடிந்து, கடைசி இலக்கமாக மூன்று போட்டாள். மறுநாள் தணிக்கை மேற்பார்வையாளர் எல்லார் முன்னாலும் அவளைக் கூப்பிட்டார். மார்க்கை வெட்டித் தள்ளுவதால் அவருக்கு ஹாலில் கத்தரிக்கோல் என்று பெயர்.

"ஒன்னால இன்னொன்னு வந்துச்சுன்னு டாக்டர் எங்க எழுதியிருக்காரு?"

"எழுதல சார். ஆனா பார்த்தாலே..."

"பார்த்தியா? ஆளப் பார்த்தியா, வயித்தப் பார்த்தியா?" ஹாலில் யாரோ சிரித்தார்கள். "இங்க பாரும்மா. சட்டியில இருந்தாத்தான் அகப்பையில வரணும். சட்டி டாக்டரோடது. அகப்பை மட்டும்தான் உன்னோடது. நீ டாக்டர் இல்ல."

அவர் கெட்ட மனிதர் அல்ல. வேறு கம்பெனிகளில் வேறு மாதிரி இருக்கலாம். இந்த வாடிக்கையாளருக்கு இதுதான் சட்டம். சந்தேகம் இருந்தால் டாக்டருக்கு ஒரு கேள்வி அனுப்பலாம். அந்தக் கேள்விக்கும் மூக்கணாங்கயிறு உண்டு. பதிலை டாக்டருக்கு ஊட்டிவிடக் கூடாது. அதனால் வந்தது, வேறு காரணத்தால் வந்தது, சொல்ல இயலாது என்று எல்லா வழியையும் திறந்து வைத்துவிட்டு ஒதுங்கி நிற்க வேண்டும். பதில் வரும்வரை குறிப்புப் பெட்டியில் ஒரே வாசகம்: தொடர்பு எழுதப்படவில்லை.

அன்று கழிவறையில் முகம் கழுவிக்கொண்டு வந்தவள், அந்தத் தப்பை மறுபடி செய்யவே இல்லை. குடும்பத்தில் முதலாவதாகப் படித்து வருகிறவர்களுக்கு ஒரு பயம் உண்டு. என்றைக்காவது ஒருநாள் யாராவது தோளைத் தட்டி, 'உன்னை யார் உள்ளே விட்டது' என்று கேட்டுவிடுவார்களோ என்கிற பயம். விதியைப் பிடித்துக்கொண்டால் அந்தக் கேள்வி வராது. அவள் உடும்பாகப் பிடித்துக்கொண்டாள். எதைச் சொன்னாலும் "ஆதாரம் எங்கே?" என்றாள். குழம்பில் உப்பு அதிகம் என்று பக்கத்து இருக்கைக்காரி சொன்னபோதுகூடக் கேட்டாள். ஆதாரம் என்றே பெயர் விழுந்தது. அதில் அவளுக்கு உள்ளூரப் பெருமை.

தெருவில் அவளைப் பாதி டாக்டர் என்று நினைத்து, ரத்தப் பரிசோதனைச் சீட்டைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். "நான் டாக்டர் இல்ல. டாக்டர்கிட்ட காட்டுங்க" என்று திருப்பி அனுப்பிவிடுவாள். அதில் என்ன தப்பு? ஒன்றுமில்லை. பின்னால் எத்தனையோ தடவை யோசித்தும் அதில் அவளால் ஒரு தப்பைக் கண்டுபிடிக்க முடியவில்லை. அதுதான் அவளை அதிகமாகத் தின்றது.

வீடு இரண்டு அறை. முன்னறையில் அவளும் அம்மாவும், உள்ளறையில் அண்ணனும் அண்ணியும். நாலு பேருக்கு ஒரு கழிவறை. அந்த மாதிரி வீட்டில் யார் எவ்வளவு நேரம் உள்ளே இருக்கிறார்கள் என்பது ஊரறிந்த ரகசியம். அண்ணன் விடியுமுன் எழுந்து பலமுறை போய்வந்த பிறகுதான் டிப்போவுக்குக் கிளம்புவான். கேட்டால் "டிரைவர் வயிறு" என்பான். வேளைக்குச் சாப்பிடாத எந்த டிரைவருக்கு வயிறு நன்றாக இருந்தது? அது காக்கிச் சட்டை மாதிரி, உத்தியோகத்தோடு கொடுப்பது. தெருமுனை கிளினிக்கில் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொள்வான். அடிக்கடி வாய்ப்புண் வந்தது. இளைத்தான். "பொண்டாட்டி சமையல் சேரல போல" என்று அம்மா அண்ணியைக் குத்த அது ஒரு சாக்கானது.

கல்யாணமான மறுவருஷம் அவனுக்குப் பின்பக்கம் கட்டி வந்தது. கடைவீதியில் இருக்கிற அறுவை டாக்டர் கீறிவிட்டார். ஆறவில்லை. பழைய ஸ்கூட்டர் டியூபில் பாதிக் காற்றடித்து, டிரைவர் சீட்டில் போட்டு, அதன்மேல் உட்கார்ந்து பஸ் ஓட்டினான். டிப்போவில் அதற்குச் சிம்மாசனம் என்று பெயர் வைத்தார்கள். "மகாராஜா எழுந்தருளிட்டாரு, ரைட்" என்று கண்டக்டர் விசில் ஊதுவார். அண்ணனும் சேர்ந்து சிரிப்பான். சிரிக்காவிட்டால் விசாரிப்பார்கள்.

அந்தச் சமயத்தில்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மொட்டைமாடியில் துணி காயப்போடும்போது அண்ணி பேச்செடுத்தாள். ஜவுளிக்கடை பில் கவுண்டரில் இருப்பவள். நாள் முழுக்க ஊரோடு பேசிவிட்டு வருவதாலோ என்னவோ, வீட்டில் வாயைத் திறந்து ஒன்றைக் கேட்க மாட்டாள்.

"உங்கண்ணன் கீழ பாய் போட்டுத் தனியாப் படுக்குறாரு. முதுகுவலியாம்."

"ஓட்டி ஓட்டி வந்திருக்கும் அண்ணி."

"முதுகுவலிக்காரர் எதுக்குத் தன் துணியத் தானே ஒளிச்சு ஒளிச்சுத் துவைக்குறாரு? முதல்ல என்னைப் பிடிக்கலையோன்னு நினைச்சேன். அப்புறம்தான் அந்தப் புண்ணுன்னு புரிஞ்சுது." கையிலிருந்த சட்டையை அவள் உதறவே இல்லை. "நீ வயித்து நோயாவே படிக்கிறியே. இவருக்கு வயிறும் சரியில்ல, அதுவும் ஆறல. ரெண்டுக்கும் ஏதாவது சம்பந்தம் இருக்குமா?"

கே ஐம்பது என்று நாக்கு நுனிவரைக்கும் வந்தது. கூடவே கத்தரிக்கோலும் வந்து நின்றார்.

"ரெண்டையும் நாமளா முடிச்சுப் போடக் கூடாது அண்ணி. நான் டாக்டர் இல்ல."

"அதுவும் சரிதான்" என்றாள் அண்ணி. சட்டையை உதறிக் கொடியில் போட்டாள். படித்தவள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நம்பி, பிறகு அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை.

அதன் பிறகு அறுவை டாக்டர் பவுத்திரம் என்று சொல்லி அண்ணனை இரண்டாம் முறை அறுத்தார். அண்ணன் திரும்பவும் டியூபின்மேல் ஏறி உட்கார்ந்தான். இப்போது வீட்டிலிருந்து கிளம்பும்போது கசிவுக்கு வைத்துக்கொள்ளப் பழைய வேட்டியைக் கிழித்து மடித்து ஒரு பையில் எடுத்துப் போனான். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலை. வீட்டில் எல்லாரும் அந்தச் சோற்றைத்தான் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

மழைக்காலம் முடிகிற சமயம் அவளுக்கு ஒரு ஃபைல் வந்தது. ஆண், வயது முப்பத்து நாலு, தொழில் டிராம் ஓட்டுநர். குடல் டாக்டர் சிறுகுடலில் குரோன் என்று எழுதியிருந்தார். பவுத்திரத்தைப் பற்றி மூச்சு விடவில்லை. அறுவை டாக்டர் பவுத்திரம் என்று எழுதியிருந்தார், குரோனைக் கண்டுகொள்ளவில்லை. நடுவில் ஒரு நர்ஸ் போகிற போக்கில் எழுதியிருந்தார்: 'பணியின்போது வளையத் தலையணை பயன்படுத்துகிறார்.' அவள் அந்த வரியை இன்னொரு தடவை படித்தாள். பிறகு விதிப்படி கேள்வி தயாரித்து, எல்லா வழியையும் திறந்து வைத்து அனுப்பினாள்.

வழக்கமாகப் பதில் ஒரு டிக் குறியோடு நிற்கும். இந்த டாக்டர் முதல் வழியில் டிக் போட்டு, கீழே ஒரு வரியும் எழுதியிருந்தார். 'இரண்டும் இருப்பது ஒரே ஆளிடம்தானே.'

வேலை நெருக்கடியில், எரிச்சலில் எழுதியிருப்பார். அவள் கடைசி இலக்கமாக மூன்று போட்டு ஃபைலை மூடினாள். அடுத்ததைத் திறந்தாள். எழுத்துகள் ஓடவில்லை. முகமே இல்லாத டிராம்காரனுக்கு அண்ணனுடைய முகம் வந்து ஒட்டிக்கொண்டது. அண்ணனுடைய முன்பகுதி கிளினிக் டாக்டரிடம் இருந்தது, பின்பகுதி கடைவீதி டாக்டரிடம் இருந்தது. முழு ஃபைலும் யாரிடம் இருந்தது? கழிவறைக் கதவுச் சத்தம், டியூப், வாய்ப்புண், கிழிந்த வேட்டி, அண்ணியின் கேள்வி எல்லாம் ஒரே கையில் இருந்தது இவளிடம் மட்டும்தான். வெண்ணெயைக் கையில் வைத்துக்கொண்டு நெய்க்கு அலைவதுகூடப் பரவாயில்லை. இவள் வெண்ணெயை வைத்துக்கொண்டு, இது வெண்ணெய்தான் என்று எங்கே எழுதியிருக்கிறது என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

அதைவிட ஒன்று உறைத்தது. வருகிற வாரம் அண்ணனுக்கு மூன்றாவது அறுவை. லீவும் எழுதிக் கொடுத்துவிட்டான். குடல் வெந்திருக்கும்போது பவுத்திரத்தை அறுத்தால் ஆறாது என்பதையும், மலத்தைப் பிடித்து நிறுத்துகிற தசை ஒருமுறை போனால் போனதுதான் என்பதையும் எத்தனை ஃபைல்களில் அவள் படித்திருக்கிறாள். தசை போனவன் பஸ் ஓட்ட முடியாது.

அரை நாள் லீவு சொல்லிவிட்டு டிப்போவுக்குப் போனாள். அண்ணன் நிழலில் நிறுத்திய பஸ்ஸின் பின்படியில் ஒருக்களித்து உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.

"என்ன டாக்டரம்மா, பஸ்ஸுக்கும் நம்பர் போட வந்தியா? அதெல்லாம் ஏற்கெனவே இருக்கு."

"அண்ணா, உன் வயித்து விஷயத்த அந்த அறுவை டாக்டர்கிட்ட சொல்லியிருக்கியா?"

"அவரு பின்பக்கம் பார்க்குறவரு. அவருகிட்ட எதுக்கு வயித்தச் சொல்லணும்?"

"கிளினிக் டாக்டர்கிட்ட இந்தப் புண்ணச் சொன்னியா?"

"அது பொம்பள டாக்டர். என்னன்னு சொல்றது?" ஒரு கவளம் எடுத்தான். "வண்டியில எஞ்சின் பார்க்குறவன் வேற, டயர் பார்க்குறவன் வேற. டயர்காரன்கிட்ட போய் எஞ்சின் இருமுதுன்னு சொன்னா சிரிப்பான்."

"வண்டி ஒன்னுதானே அண்ணா."

கவளம் அப்படியே நின்றது. "ரெண்டும் ஒன்னுதாங்கிறியா?"

"இருக்கலாம். எனக்கு உறுதியாத் தெரியாது. அறுக்கறதுக்கு முன்னாடி குடலப் பார்க்கணும்."

"எப்ப இருந்து உனக்கு இது தோணுது?"

அவள் பொய் சொல்லியிருக்கலாம். "அண்ணி ஒருதடவ கேட்டாங்க. அப்பவே லேசா."

"அவ கேட்டாளா? உங்கிட்டயா?" டிபன் பாக்ஸை மூடினான். முகம் கறுத்துவிட்டது. தங்கை சொல்லாமல் இருந்ததைவிட, அவன் ஒளித்ததெல்லாம் பொண்டாட்டிக்குத் தெரிந்திருக்கிறது என்பதுதான் அவனை அடித்தது. "அவளுக்குத் தெரியக் கூடாதுன்னுதானே இவ்வளவு பாடும். அவளுக்கும் தெரியும், உனக்கும் தெரியும். நல்ல குடும்பம் போ."

ஆனாலும் மறுநாள் அவளோடு கடைவீதி டாக்டரிடம் வந்தான். அவள் தயங்கித் தயங்கிச் சொன்னதை டாக்டர் குறுக்கே பேசாமல் கேட்டார். பிறகு தன்னுடைய பழைய குறிப்பைத் தேடி எடுத்து மேஜையில் திருப்பி வைத்தார்.

"ரெண்டு தடவையும் கேட்டேன்ம்மா. வயிறு எப்படி, பேதி உண்டா, எடை குறையுதான்னு. ஒன்னுமில்லன்னாரு. பாருங்க."

'வயிற்றுத் தொந்தரவு இல்லை' என்று தெளிவாக எழுதியிருந்தது. அந்த ஃபைல் அவளிடமே வந்திருந்தாலும் அதைத்தான் அப்படியே எடுத்துக்கொண்டிருப்பாள். சட்டியில் இருந்தது அவ்வளவுதான்.

"ஏன் அண்ணா?"

அண்ணன் சுவரில் மாட்டியிருந்த குடல் படத்தைப் பார்த்துக்கொண்டு டாக்டரிடம் சொன்னான். "கட்டின்னா அறுத்துட்டு வண்டி எடுக்கலாம் சார். வயிறு, தீராத நோயின்னு பேப்பர்ல ஏறிட்டா இறக்கி விட்டுருவாங்க."

டாக்டர் மூன்றாவது அறுவையைத் தள்ளி வைத்து, குடல் டாக்டருக்குக் கடிதம் கொடுத்தார். குழாய் விட்டுப் பார்த்தார்கள், ஸ்கேன் எடுத்தார்கள். சிறுகுடலில் குரோன். அதனால் வந்த பவுத்திரம். இன்னொரு தடவை அறுத்திருந்தால் ஆயுசுக்கும் வயிற்றில் மலப்பையோடுதான் நடமாடியிருப்பான் என்றார் குடல் டாக்டர். அதைக் கேட்டு அவள் மூச்சு விடுவதற்குள் அடுத்ததையும் சொன்னார்.

"தசை பாதி ஏற்கெனவே போயிருக்கு. முதல் தடவ வெறும் கட்டியத்தான் கீறியிருக்காங்க, அதுல ஒன்னும் ஆகல. ரெண்டாவது தடவதான்."

இரண்டாவது தடவை, அண்ணி மொட்டைமாடியில் கேட்டதற்குப் பிறகு. அதை யாரும் கணக்குப் போட்டுச் சொல்லவில்லை. அண்ணி பக்கத்து நாற்காலியில் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நாத்தனார் பக்கம் திரும்பவில்லை.

சீழ் தேங்காமல் வடியப் பவுத்திர வழியில் நூல் கோத்துவிட்டார்கள். மாதாமாதம் உடம்பின் எதிர்ப்புச் சக்தியை அடக்குகிற ஊசி. வயிறு அடங்கியது, சதை கொஞ்சம் பிடித்தது. விடியற்காலைக் கதவுச் சத்தம் குறைந்தது. லீவு முடிந்து வேலைக்குத் திரும்பும்போது டாக்டர் சான்றிதழ் எழுதினார். அவள் இத்தனை வருஷம் கடலுக்கு அப்பால் இருக்கிற டாக்டர்களிடம் கெஞ்சிக் கெஞ்சிக் கேட்கிற வாக்கியம், கேட்காமலேயே, பிழையில்லாமல், ஒரே வரியில் அதில் இருந்தது: 'குரோன் நோயால் ஏற்பட்ட பவுத்திரம்; மலக்கட்டுப்பாடு குறைவு.' ஒரு தணிக்கைக்காரனும் குறை சொல்ல முடியாது. டிப்போ டாக்டர் அதைப் படித்துவிட்டு, டிரைவர் வேலைக்குத் தகுதியில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

டிப்போவில் மனுஷர்கள்தான் இருந்தார்கள். வெளியே அனுப்பாமல் வாசல் கேட்டில் ஒரு வேலை கொடுத்தார்கள். எந்த வண்டி உள்ளே வந்தது, எது வெளியே போனது என்று குறித்து வைக்க வேண்டும். முதல் நாள் முடிந்து வந்தவன் சிம்மாசனத்தையும் கையோடு கொண்டுவந்து, காற்றைப் பிடுங்கிவிட்டுப் பரணில் போட்டான்.

"இப்ப நானும் உன் தொழில்தான்" என்றான் தங்கையிடம். "நம்பர் எழுதுறேன். வண்டியத் தொடறது இல்ல."

அம்மா மட்டும் சிரித்தாள். அவளுக்கு அது வேடிக்கையாகத்தான் பட்டது.

அலுவலகத்தில் அந்த வருஷம் தப்பில்லாத வேலைக்காக அவளுக்குப் பாராட்டுக் கிடைத்தது. புதிதாக வந்தவர்களுக்குப் பாடம் எடுக்கும் பொறுப்பையும் கத்தரிக்கோல் அவளிடமே கொடுத்தார். முதல் வரிசையில் ஒரு பெண், பார்த்தாலே தன் வீட்டின் முதல் பட்டதாரி என்று தெரிகிற பெண், கையைத் தூக்கிக் கேட்டாள்.

"அக்கா, ரெண்டு நோயும் ஒரே ஆளுக்குத்தானே இருக்கு. நாம சேர்த்து எழுதுனா என்ன?"

சொல்வதற்கு அவளிடம் ஒரு பதில் இருந்தது. அதைச் சொன்னால் இந்தப் பெண்ணுக்கு மார்க் போகும். "டாக்டர் எழுதியிருக்காரா?" என்று கேட்டாள். அந்தப் பெண் முகம் சிறுத்து, குனிந்து குறிப்பெடுத்துக்கொண்டாள்.

அன்று மாலை வீட்டுக்கு வந்தபோது அண்ணனுக்கு லேசாகக் காய்ச்சல். போன வாரம் ஊசி போட்டிருந்தார்கள். அண்ணி கதவோரம் நின்று மருந்துக்கடைக்காரரிடம் போனில் பேசிக்கொண்டிருந்தாள். இந்த ஊசி போட்டால் காய்ச்சல் வருமா, காலைவரை பொறுக்கலாமா என்று கேட்டாள். அவருக்குத் தெரியவில்லை. வேறு கடையில் விசாரிக்கச் சொன்னார் போலிருக்கிறது. அண்ணி அடுத்த எண்ணைத் தேடினாள். கை எட்டும் தூரத்தில் இவள் செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றாள். இந்த ஊசிக்காரர்களுக்குக் காய்ச்சல் வந்தால் பொறுக்கக் கூடாது, இப்போதே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்று அவளுக்குத் தெரியும்.

"அண்ணி, எங்கிட்ட கேட்டிருக்கலாம்ல?"

அண்ணி நிமிர்ந்து பார்த்தாள். குரலில் கோபம் இல்லை, குத்தல் இல்லை. பில்லில் விலை சொல்வதுபோலச் சொன்னாள்.

"உங்கிட்ட என்னன்னு கேக்கறது? நீதான் டாக்டர் இல்லையே."

"கிளம்புங்க" என்றாள் இவள். "ஆட்டோ கூட்டிட்டு வரேன்." அண்ணி டாக்டர் எழுதிய சீட்டு எதையாவது எதிர்பார்ப்பவள்போல ஒரு நிமிஷம் இவளுடைய கையைப் பார்த்தாள். பிறகு உள்ளே போய் அண்ணனை எழுப்பினாள்.